இரண்டு டென்மா, ஒரு டெசுகா

போன செமஸ்டர் ஸ்டடி ஹாலிடேஸ்ல நான் படிக்க வேண்டியது கன்ட்ரோல் சிஸ்டம்ஸ். உட்கார்ந்து பார்த்ததோ 'மான்ஸ்டர்'. மொத்தம் 74 எபிசோட். அரியர் விழுந்ததா இல்லையா என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லாத விஷயம், விட்டுடுங்க.

பார்க்காதவங்களுக்காக முதல் நாலு எபிசோட் அளவுக்கு மட்டும் சொல்றேன். கென்சோ டென்மா ஜெர்மனியின் டுசெல்டோர்ஃப் நகரில் வேலை பார்க்கும் ஜப்பானிய மூளை அறுவை மருத்துவர். ஒரு நாள் இரவு, அடிபட்டு வந்த துருக்கியத் தொழிலாளியை விட்டுவிட்டு, பின்னால் வந்த பிரபல பாடகருக்கு ஆபரேஷன் செய்யும்படி மேலிடம் சொல்கிறது. டென்மா கேட்கிறார். பாடகர் பிழைக்கிறார், தொழிலாளி செத்துப்போகிறார். அவருடைய மனைவி குழந்தையோடு வந்து டென்மாவின் சட்டையைப் பிடித்து அழுகிறாள். அடுத்த முறை அதே மாதிரி ஒரு நிலைமை வருகிறது. 1986. தலையில் குண்டு பாய்ந்த ஒரு சிறுவன் ஒரு பக்கம், ஊர் மேயர் இன்னொரு பக்கம். இந்த முறை டென்மா மேலிடத்தை மீறி, முதலில் வந்த சிறுவனுக்கே ஆபரேஷன் செய்கிறார். மேயர் இறக்கிறார். பிழைத்த அந்தச் சிறுவன் யோஹான் பல பேரைக் கொல்பவனாக வளர்கிறான். எல்லா உயிரும் சமம்னு நம்பித்தானே காப்பாற்றினோம், இப்போ அவனைக் கொல்லலாமா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மிச்சம் எழுபது எபிசோடும் ஓடுகிறது.

நவோகி உராசாவா 1994 முதல் 2001 வரை வரைந்த மாங்கா அது. நான் எழுத வந்தது உராசாவாவைப் பற்றி இல்லை. டென்மா என்ற பெயர் அவருக்கு முன்னாடியே இருந்தது. அதற்கு நாற்பது வருஷத்துக்கும் முன்பே இன்னொரு டென்மாவை உருவாக்கியவர் ஒருத்தர் இருந்தார். அவர் நிஜமாகவே டாக்டருக்குப் படித்தவர், ஆனால் டாக்டராக வேலை பார்க்காதவர். பெயர் ஒசாமு டெசுகா. படித்தது ஒன்று, செய்வது ஒன்று என்ற கதை நம்ம காலேஜில் யாருக்கும் புதுசு இல்லை என்பதால் அவரைப் பற்றி எழுதியே ஆகணும்னு தோணிச்சு.

1928 நவம்பர் 3-ம் தேதி ஒசாகாவை ஒட்டிய டொயோனாகாவில் பிறந்தார். மெய்ஜி பேரரசரின் பிறந்தநாளும் அதுவே என்பதால் 'மெய்ஜி'யில் இருந்து ஓர் எழுத்தை எடுத்து ஒசாமு என்று பெயர் வைத்தார்கள். வளர்ந்தது டகராசுகா என்ற ஊரில். முழுக்கப் பெண்களே நடிக்கும் இசை நாடகக் குழுவுக்குப் பெயர் போன ஊர் அது. அம்மா அந்த நாடகங்களுக்கு அடிக்கடி கூட்டிப்போவார். அப்பா வீட்டிலேயே ஒரு சின்ன ப்ரொஜெக்டர் வைத்து சாப்ளினையும் மிக்கி மவுஸையும் ஓட்டிக் காட்டுவார். 1930-களில் இந்த வசதி எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும்?

பள்ளிக்கூடத்தில் கதை வேற. குள்ளம், சுருட்டை முடி. கேலி செய்ய இது போதாதா? படம் வரைந்து காட்டித்தான் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டான். இன்னொரு பைத்தியம் பூச்சி பிடிப்பது. ஜப்பானில் 'ஒசாமுஷி' என்று ஒரு வண்டு உண்டு. தன் பெயருக்குக் கிட்டத்தட்ட அதே ஓசை என்று பார்த்ததும், பெயருக்குப் பின்னால் பூச்சியைக் குறிக்கும் எழுத்தைச் சேர்த்துப் புனைபெயராக்கிக்கொண்டான். கடைசி வரை அந்தப் பூச்சி அவர் கையெழுத்தை விட்டுப் போகவில்லை. பின்னாளில் ஆரம்பித்த ஸ்டுடியோவின் பெயரும் பூச்சிதான்: முஷி புரொடக்‌ஷன்.

பிறகு போர். 1944-ல் மாணவர்களுக்கான பயிற்சி முகாமில் இருந்தபோது இரண்டு கைகளிலும் தோல் நோய் வந்து புண்ணாகி வீங்கிவிட்டது. கைகளையே எடுக்க வேண்டி வரலாம் என்ற நிலைமை. ஒசாகா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு டாக்டர் குணமாக்கினார். அந்த டாக்டர் மட்டும் இல்லை என்றால் இன்று ஆட்டம் இல்லை, பிளாக் ஜாக் இல்லை, அனேகமாக மான்ஸ்டரும் இல்லை. டாக்டர் ஆகணும் என்ற எண்ணம் வந்தது அந்த ஆஸ்பத்திரியில்தான் என்று டெசுகாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1945 ஜூன் மாதம் ஒசாகா மேல் அமெரிக்க விமானங்கள் தீக்குண்டு போட்டபோது அவர் ஒரு ராணுவ ஆலையில் மாணவத் தொழிலாளியாக இருந்தார். கண்காணிப்புக் கோபுரத்தின் மேல் ட்யூட்டி. பக்கத்திலேயே குண்டு விழுந்தும் தப்பித்தார். யோடோ ஆற்றங்கரைக்கு ஓடினால் அங்கே கருகிய உடல்கள். வயது பதினாறு. ஆகஸ்ட் 15, போர் முடிந்த அன்று இரவு, பல வருஷமாக இருட்டடிப்பில் கிடந்த ஒசாகாவில் விளக்குகள் எரிந்ததைப் பார்த்தபோதுதான் தான் உயிரோடு இருப்பதே உறைத்தது என்பது அவர் பல இடங்களில் எழுதியது. அவருடைய கதைகளில் பாதியை இந்த இரண்டு காட்சிகளுக்கு நடுவில் வைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றும்.

அதே 1945-ல் ஒசாகா பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். 1946 ஜனவரியில், பத்திரிகை ஒன்றில் நாலு கட்டச் சித்திரத் தொடராக முதல் படைப்பு வந்தது. 1947-ல் 'புதிய புதையல் தீவு'. 4 லட்சம் பிரதிகள் விற்றதாகச் சொல்வார்கள். கார் ஒன்று கட்டம் கட்டமாக நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிற அதன் ஆரம்பப் பக்கங்களைப் பார்த்து, சினிமா பார்ப்பது போல் இருக்கிறதே என்று ஒரு தலைமுறைப் பையன்கள் வாயைப் பிளந்தார்கள். அந்தப் பையன்களில் பல பேர் அப்புறம் மாங்கா வரைய வந்தார்கள். இதை வரைந்தவர் அப்போது அனாட்டமி படித்துக்கொண்டிருந்த ஒரு மெடிக்கல் ஸ்டூடண்ட் என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் வகுப்பு, இரவில் வரைவது.

இப்படியே எத்தனை நாள் ஓட்டுவது? ஒரு கட்டத்தில் அம்மாவிடம் போய்க் கேட்டார், டாக்டர் ஆவதா, மாங்கா வரைவதா என்று. உனக்கு எது பிடிக்கிறதோ அதைச் செய் என்பதுதான் அம்மாவின் பதில். இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாத்தான் இருந்தது. இருந்தாலும் மனுஷன் பாதியில் விட்டு ஓடவில்லை. படிப்பை முடித்தார், தேசியத் தேர்வும் எழுதி மருத்துவ உரிமமும் வாங்கினார். 1961-ல், மாங்கா உலகமே அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய காலத்தில், நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வேறு. ஆய்வுத் தலைப்பு குளத்து நத்தையின் விந்தணு வளர்ச்சி, எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தது. பூச்சி பிடித்த பையன் கடைசியில் நத்தையில் வந்து நின்றான்.

டோக்கியோவில் டோகிவா-சோ என்று ஒரு பழைய மரக்கட்டட லாட்ஜ். அங்கே ஒரு சின்ன அறையில் கொஞ்ச காலம் இருந்தார். காலி செய்தபோது அந்த அறைக்குக் குடிவந்தவர்கள் ஃபுஜிகோ ஃபுஜியோ என்ற பெயரில் சேர்ந்து எழுதிய இரண்டு இளைஞர்கள். கையில் காசில்லாத அவர்களுக்காகத் தான் கட்டியிருந்த அட்வான்ஸைத் திரும்ப வாங்காமல் அப்படியே விட்டுப் போனார். அவர்களில் ஒருவர்தான் பின்னால் 'டோரேமான்' உருவாக்கியவர். நம்ம எல்லாரும் ஸ்கூல் விட்டு வந்து தமிழில் பார்த்த அதே டோரேமான்.

சரி, முதல் டென்மாவுக்கு வருவோம். 1952-ல் 'டெட்சுவான் ஆட்டம்' தொடர் ஆரம்பித்தது. ஆஸ்ட்ரோ பாய் என்றால் உங்களுக்குத் தெரியும். டாக்டர் டென்மா என்ற விஞ்ஞானியின் மகன் டோபியோ கார் விபத்தில் இறந்துவிடுகிறான். துக்கத்தில் டென்மா அதே முகத்தோடு ஒரு ரோபோ செய்கிறார். கொஞ்ச நாள் மகனாகவே கொண்டாடுகிறார். ஆனால் ரோபோ வளரவில்லை. மகன் வளர்ந்திருப்பான், இது வளராது. வெறுத்துப்போய் அதை சர்க்கஸ்காரனிடம் விற்றுவிடுகிறார். உலகத்தைக் காப்பாற்றும் சூப்பர் ஹீரோவின் கதை, அப்பனே விற்றுப்போட்ட ஒரு பிள்ளையிலிருந்துதான் தொடங்குகிறது. ஹிரோஷிமாவுக்கு ஏழே வருஷம் கழித்து, குழந்தைகள் பத்திரிகையில், நாயகனுக்கு ஆட்டம் என்று பெயர். தங்கை பெயர் யுரான், தம்பி கோபால்ட். ஊரை எரித்த சக்தியையே ஒரு பையனின் நெஞ்சுக்குள் வைத்து, இதை வைத்து நீ என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பது போல.

உயிர் கொடுத்தவனுக்கு அந்த உயிர் மேல் என்ன பொறுப்பு? முதல் டென்மா தான் செய்த பிள்ளையைக் கைவிட்டார். உராசாவாவின் டென்மா தான் பிழைக்க வைத்த பிள்ளையைத் துரத்திக்கொண்டே ஐரோப்பா முழுக்க அலைகிறார். பெயர் தற்செயலா என்று யாராவது கேட்டால், உராசாவா 2003-ல் தொடங்கிய 'புளூட்டோ'வைக் காட்டுங்கள். ஆட்டம் தொடரில் 1964-65-ல் வந்த ஒரு கதையை, சின்ன வயதில் படித்து மறக்க முடியாமல், கிரைம் த்ரில்லராக மாற்றி எழுதியது அது. கதைப்படி ஆட்டம் பிறந்த வருஷமும் 2003.

1963 ஜனவரி 1-ம் தேதி ஆட்டம் டிவிக்கு வந்தது. வாரம் ஒரு அரை மணி நேர எபிசோட். டிஸ்னி பாணியில் வரைந்தால் ஒரு எபிசோடுக்கே மாதக்கணக்கில் ஆகும். டெசுகா கணக்குப் போட்டது ஒரு எஞ்சினியர் மாதிரி. நொடிக்கு எட்டு படம், சில இடங்களில் அதுக்கும் கீழே. பேசும்போது வாய் மட்டும் அசையும். பறக்கிற காட்சியை ஒரு முறை வரைந்து ஃபைலில் வைத்துத் திரும்பத் திரும்பப் போடுவது. இன்றைக்கும் சண்டைக் காட்சியில் முகம் உறைந்து நின்று பின்னால் கோடுகள் மட்டும் ஓடுதே, அதுக்கெல்லாம் மூலம் இந்தச் சிக்கனம்தான். நிகழ்ச்சி பெரிய ஹிட். அமெரிக்காவுக்கும் போனது. 193 எபிசோட் ஓடி, 1966 கடைசி நாளில், பூமியைக் காப்பாற்ற ஆட்டம் சூரியனை நோக்கிப் பாய்வதோடு முடிந்தது.

இதில் ஒரு கணக்கு மட்டும் இடிக்குது. டிவிக்காரர்களுக்கு அதை அவர் விற்ற விலை, ஆன செலவைவிட ரொம்பக் குறைவு. பொம்மை, சாக்லேட் வியாபாரத்தில் வரும் காசால் பள்ளத்தை நிரப்பிக்கொள்ளலாம் என்பது திட்டம். அவருக்கு மாங்கா வருமானம் வேறு இருந்தது. பின்னால் வந்த ஸ்டுடியோக்களுக்கு? அனிமே என்றால் இவ்வளவுதான் விலை என்று ஆகிவிட்டது. ராத்திரி பகலா வரைந்தும் வாடகை கட்ட முடியாத அனிமேட்டர்கள் பற்றிய செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், இந்த முதல் பேரத்தை ஒரு காரணமாகச் சொல்கிறவர்கள் உண்டு. பழி முழுக்க அவர் தலையில்தான் என்று சொல்ல முடியாது, 1963-ல் போட்ட விலையை மாற்ற அப்புறம் வந்தவர்களுக்கு நிறைய வருஷம் இருந்தது. ஆனாலும் வேலை மேல் உள்ள ஆசையில் ஒருத்தன் குறைந்த விலைக்கு ஒத்துக்கொண்டால், ஆசை இல்லாதவனும் அதே விலைக்கு வேலை செய்ய வேண்டி வருகிறது. ஃபைனல் இயர் அண்ணன்கள் சம்பளமே இல்லாத இன்டர்ன்ஷிப்புக்கு அடித்துக்கொள்ளும்போது எனக்கு ஆட்டம் ஞாபகம் வரும்.

ஹயாவோ மியாசாகி இதை மூடி மறைக்கவில்லை. டெசுகா இறந்த அதே வருஷம், எல்லாரும் புகழ்ந்து கொண்டிருந்தபோது, அவருடைய அனிமேஷன் வேலைகளைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். இத்தனைக்கும் இளவயதில் தன் படங்களெல்லாம் டெசுகா மாதிரியே இருக்கிறதே என்று நொந்து, அவற்றைக் கட்டோடு எரித்தவர் அவர். அழ வைப்பதற்காகவே பாத்திரங்களைச் சாகடிக்கிறார் என்பதும் அவர் குற்றச்சாட்டுகளில் ஒன்று. எனக்கு அது முழுக்க சரியாகப் படவில்லை. பதினாறு வயதில் அந்த ஆற்றங்கரையைப் பார்த்தவன் கதையில் சாவு எப்படி வராமல் இருக்கும்?

டெசுகா நல்லவரா? பொறாமைக்காரர் என்று அவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள், சிரித்துக்கொண்டேதான். 1960-களின் கடைசியில் ஷோதாரோ இஷினோமோரி 'ஜுன்' என்ற தொடரை வரைந்தார். கிட்டத்தட்ட வசனமே இல்லாத சோதனை முயற்சி, டெசுகாவின் சொந்தப் பத்திரிகையான 'காம்'-இல் வந்தது. டெசுகா ஒரு வாசகருக்கு எழுதிய கடிதத்தில் அதெல்லாம் மாங்காவே இல்லை என்கிற ரீதியில் எழுதிவிட்டார். கடிதம் இஷினோமோரி கண்ணில் பட்டது. சின்ன வயதிலிருந்து கும்பிட்ட மனுஷன். உடைந்துபோய்த் தொடரை நிறுத்துவதாகச் சொல்லிவிட்டார். டெசுகா அவர் வீட்டு வாசலுக்கே போய் நின்று மன்னிப்புக் கேட்டார். ஏன் அப்படி எழுதினேன் என்று எனக்கே புரியவில்லை, என்னையே எனக்குப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி. துறையின் உச்சத்தில் இருப்பவர், பத்து வயது சின்னப் பையனிடம். எத்தனை ப்ராஜெக்ட் டீமில் இப்படி ஒரு மன்னிப்பை நாம் பார்த்திருக்கோம்?

எழுபதுகள் இருட்டு. மாங்காவில் காற்று மாறியது, ரத்தமும் வியர்வையுமாக இளைஞர்களுக்கான கதைகள் வந்தன, டெசுகா பழசு என்று ஒதுக்கினார்கள். அவரும் விடவில்லை, தானும் இருட்டுக்குள் இறங்கினார். 1970-71-ல் 'கிரிஹிதோ'. மனிதர்களை நாய் உருவத்துக்கு மாற்றும் ஒரு நோய். அது தொற்றுநோய்தான் என்று சாதித்துப் பதவி பிடிக்கத் துடிக்கும் பெரிய டாக்டர். உண்மையைத் தேடிப் போய், தானே நாய் முகத்தோடு அலையும் சின்ன டாக்டர் கிரிஹிதோ. பெயரைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னால் ஜப்பானிய மொழியில் கிறிஸ்துவின் பெயர் மாதிரி கேட்கும். டென்மாவின் ஆஸ்பத்திரி அரசியல் எங்கிருந்து வந்தது என்று தேடினால் இங்கே ஒரு வழி தெரியும். 1976-ல் 'எம்.டபிள்யூ' வந்தது. ஒரு தீவில் கசிந்த விஷவாயுவில் பிழைத்த ஒரு பையன் மனசாட்சியே இல்லாத, பார்க்க அழகான கொலைகாரனாக வளர்கிறான். அவனை நேசித்துக்கொண்டே தடுக்கப் பார்க்கிறார் ஒரு பாதிரியார். யோஹானுக்கு ஒரு அண்ணன் இருந்தால் இவன்தான்.

1973-ல் முஷி புரொடக்‌ஷன் திவால். தலைவர் பதவியிலிருந்து அவர் ஏற்கனவே விலகியிருந்தாலும் கடன் விடவில்லை, வீடு போனது. ஆனால் திவாலுக்கு முன்பே, 1972-ல் அங்கிருந்து வெளியேறிய சிலர் ஒரு சின்ன ஸ்டுடியோ ஆரம்பித்திருந்தார்கள். பெயர் மேட்ஹவுஸ். 'பெர்ஃபெக்ட் ப்ளூ', 'பாரனோயா ஏஜென்ட்', 'மான்ஸ்டர்', 'டெத் நோட்' எல்லாம் அந்த வீட்டில் இருந்து வந்தவை. ராத்திரி தூக்கத்தைக் கெடுத்த நம்ம லிஸ்ட்டில் பாதி, டெசுகாவின் இடிந்த வீட்டில் இருந்து எடுத்த கல்லில் கட்டியது.

அதே 1973 நவம்பரில் ஒரு வாரப் பத்திரிகை அவருக்குச் சில வாரங்களுக்கு மட்டும் இடம் கொடுத்தது. இவர் கதை முடிந்தது, மரியாதையாக வழியனுப்பி வைப்போம் என்ற எண்ணத்தில் கொடுத்ததாகச் சொல்வார்கள். அந்தச் சில வாரங்கள் பத்து வருஷம் ஓடின. 'பிளாக் ஜாக்'. உரிமம் இல்லாத சர்ஜன், கேட்கும் ஃபீஸைக் கேட்டாலே நெஞ்சு வலி வரும். முகத்தில் இரண்டு நிறத் தோல், நடுவே தையல். சின்ன வயதில் வெடிவிபத்தில் சிதறியவனை ஒரு டாக்டர் ஒட்டுப்போட்டுப் பிழைக்க வைத்தார், தோல் கொடுத்தவன் கறுப்பினத்தவருக்குப் பிறந்த ஒரு பள்ளித் தோழன். அதே நிறத்துக்கு மாற்றிக்கொள்ள அவனால் முடியும், அவன் மாற்றிக்கொள்ளவே இல்லை. உரிமம் இருந்தும் டாக்டராகாத ஒருத்தர் உரிமம் இல்லாத டாக்டரைப் படைத்தார்.

அதில் ஒரு கதையை மட்டும் சொல்கிறேன். டாக்டர் கிரிகோ என்று ஒருத்தர் வருவார். போர்க்களத்தில் ராணுவ டாக்டராக இருந்தவர், பிழைக்க வழியில்லாதவர்களை வலியில்லாமல் சாகடிப்பது அவர் தொழில். படுத்த படுக்கையான ஒரு அம்மா, பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்க வேண்டாம் என்று கிரிகோவைக் கூப்பிடுகிறாள். பிள்ளைகளோ அம்மாவைக் காப்பாற்ற பிளாக் ஜாக்கைக் கூப்பிடுகிறார்கள். ஆபரேஷன் வெற்றி. கிரிகோ தோற்று ஒதுங்குகிறார். அம்மாவும் பிள்ளைகளும் திரும்பிப் போகும் வழியில் லாரி மோதி எல்லாரும் சாகிறார்கள். கிரிகோ வயிறு குலுங்கச் சிரிக்கிறார். பிளாக் ஜாக் அப்படியும் குணமாக்கிக்கொண்டே இருப்பேன், நான் உயிரோடு இருக்க எனக்கு அது வேணும் என்று கத்துவதோடு கதை முடிகிறது. சுமார் இருபது பக்கம். 'மான்ஸ்டர்' 74 எபிசோடில் சுற்றி வந்த இடத்தை மனுஷன் இருபது பக்கத்தில் தொட்டுட்டார். அதிலும் எனக்குப் பிடித்தது, பிளாக் ஜாக்கின் பதிலில் தர்மம் எதுவும் இல்லை என்பது. எல்லா உயிரும் சமம் என்று அவன் வாதாடவில்லை.

எண்பதுகளில் 'புத்தா' முடித்தார், 'அடோல்ஃப்' வரைந்தார். கோபேயில் சேர்ந்து வளர்ந்த ஒரு யூதப் பையனும் ஒரு ஜெர்மன் பையனும் எதிரிகள் ஆகிற கதை. மொத்தமாக அவர் வரைந்தது 1,50,000 பக்கங்கள் இருக்கும் என்பது கணக்கு. தூக்கம் என்று ஒன்று இருந்ததா என்று தெரியாத வாழ்க்கை.

1988-ல் உடம்பு படுத்தது. இரைப்பைப் புற்றுநோய். அந்தக் காலத்து ஜப்பானில் நோயாளியிடம் இதைச் சொல்வதில்லை, அவருக்கும் சொல்லவில்லை. அவரோ டாக்டர். அப்போது அவர் வரைந்துகொண்டிருந்த 'நியோ ஃபாஸ்ட்' கதையில் இரைப்பைப் புற்றுநோய் வந்த ஒருவர் வருகிறார். சுற்றி இருக்கிறவர்கள் மறைக்கிறார்கள், அந்த ஆளுக்கு எல்லாம் தெரிந்தே இருக்கிறது, கடைசியில் இறந்துபோகிறார். இதை வரைந்த கை என்ன நினைத்து வரைந்தது என்று எனக்கு எழுத வரவில்லை.

ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் பென்சில் கேட்டார், வேலை செய்ய விடச் சொல்லிக் கெஞ்சினார். 1989 பிப்ரவரி 9-ம் தேதி இறந்தபோது வயது 60. முடியாமல் கிடந்த தொடர்களில் 'நியோ ஃபாஸ்ட்'டும் ஒன்று. புத்தகமாக வாங்கினால் கடைசிப் பக்கங்களை அப்படியே அச்சிட்டிருப்பார்கள். மை இல்லை, முகங்கள் இல்லை. கட்டங்களும், ஆள் நிற்கும் இடத்தில் பென்சில் வட்டங்களும் மட்டும்.